காலியான இடத்தில் நிற்பவன்

ஃப்ளோரிடா
20 பிப்ரவரி 1995

அன்புள்ள நெரெய்தா அக்காவுக்கு,

தம்பி ஓவிதியோ எழுதுகிறேன். அப்பாவிடம் நான் ஆசி கேட்டதாகச் சொல்லிவிட்டு மேலே வாசி. நான் சுகம். வலது முழங்கை மட்டும் காலையில் மடங்க மாட்டேன் என்கிறது, வெயில் ஏறினால் வழிக்கு வருகிறது. அப்பாவின் கால் புண் ஆறியதா? ஆயுசு முழுக்க ஆலையில் சர்க்கரை மூட்டை தூக்கியவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது போதாதென்று அது கண்ணையும் வாங்கிக்கொண்டது. மருந்தை வேளைக்குக் கொடு.

இந்த வருஷம் பயிற்சி முகாம் முகாமாக இல்லை. பெரிய லீக் ஆட்டக்காரர்கள் போன ஆகஸ்டிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருப்பது உனக்குத் தெரியும். அவர்கள் வராவிட்டால் போகட்டும், கிடைத்தவனை வைத்து பேஸ்பால் சீசனை நடத்துவோம் என்று முதலாளிகள் கிளம்பிவிட்டார்கள். கிடைத்தவர்களை நீ வந்து பார்க்க வேண்டும். ஒருவன் பீர் லாரி ஓட்டுகிறவன். ஒருவன் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். இன்னொருவன் ஓடினால் வயிறு முதலில் பேஸுக்குப் போய்ச் சேர்கிறது, ஆள் பிறகு வருகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

கீழ் லீக் ஆட்களான எங்களுக்குச் சங்கம் கிடையாது. எங்களைத் தனி மைதானத்தில் வைத்திருக்கிறார்கள். நம் பின்தெரு தெல்வின்தான் என் அறையில் இருக்கிறான். இரண்டாம் பேஸில் என்னைவிட நன்றாக ஆடுகிறான். இங்கிலீஷ் மட்டும் ஒரு வார்த்தை வராது, சாப்பாட்டுக் கடையில் அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன்.

தையல் ஃபாக்டரியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ஓவிதியோ


சான் பெத்ரோ
4 மார்ச் 1995

அன்புத் தம்பி ஓவிதியோவுக்கு,

அப்பாவின் ஆசியும் என் முத்தமும். நாங்கள் சுகம். புண் ஆறிவிட்டது. மின்சாரம் மட்டும் விருந்தாளி மாதிரி வந்து வந்து போகிறது. ஃபாக்டரியில் சங்கம் என்று வாயெடுத்த இரண்டு பெண்களை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். லாரிக்காரன் இடத்தில் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைத் திருப்பி முற்றத்தில் துப்பினார். "கருங்காலிப் பயலுக. அவனுக சாப்புடுற சோறு எப்படி எறங்குது?" என்றார். அவர் விஷயம் உனக்குத் தெரியாததல்ல. நாற்பத்தாறு வேலைநிறுத்தத்தில் ஆலைக்கு வெளியே எல்லோரும் பசியோடு நிற்கும்போது உள்ளே போனவர் எதிர்வீட்டு சிரிலோ. அதற்காக இன்றுவரை இந்தக் குடியிருப்பில் எந்த வாசலிலும் அவருக்கு டோமினோ ஆட இடம் கிடையாது. பகையாளிக்குக்கூட இங்கே நாற்காலி போடுவார்கள், அவருக்குப் போட மாட்டார்கள். கிழவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நம் வாசலில் காய் விழுகிற சத்தத்தைக் கேட்டே வயதாகிப்போனார்.

கடைசியில் அப்பா கேட்டார்: "நம்ம பய அதுல இல்லையே?"

"இல்லப்பா, அவன் வேற மைதானத்துல இருக்கான்" என்றேன்.

நான் சொன்னது சரிதான் என்று ஒரு வரி எழுது. போன் கடைக்கு வரச் சொல்லாதே, அங்கே பேசுவதைத் தெருவே கேட்கிறது.

அக்கா,
நெரெய்தா


ஃப்ளோரிடா
13 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி வேண்டும். இங்கே எல்லாம் நலம், முழங்கை பரவாயில்லை. மூன்று நாளாக நல்ல மழை. இங்குள்ள அரிசியைப் பற்றி என்ன சொல்வது, வெந்தும் ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கிறது. பீன்ஸில் இனிப்பைக் கொட்டி டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். பச்சை வாழைக்காய் எங்கேயும் கிடைக்கவில்லை.

புதுக் கையுறை பழக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப்புக்குத் தனிக் கையுறை வைத்து எத்தனையோ வருஷமாகிறது. என்னிடம் இருந்ததெல்லாம் எந்த இடத்துக்கும் பொருந்துகிற பொதுக் கையுறைதான்.

தெல்வின் ஊருக்குத் திரும்பிவிட்டான். முழங்காலில் ஏதோ கோளாறு என்றார்கள். அவன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அப்பாவின் கண்ணுக்கு ஊற்றுகிற மருந்து தீர்ந்துவிட்டதா? பஸ் வந்துவிட்டது, மற்றவை பிறகு.

ஓவிதியோ


சான் பெத்ரோ
24 மார்ச் 1995

ஓவிதியோ,

அப்பா நலம். நானும் நலம் என்று எழுதிக்கொள்கிறேன்.

நீ எந்த பஸ்ஸில் ஏறினாய் என்பது தெரிந்துவிட்டது. மூலை மளிகைக்கடைக்காரன் பத்திரிகையில் வந்த உன் படத்தை வெட்டி ரம் பாட்டில்களுக்கு மேலே ஒட்டியிருக்கிறான். பெரிய லீக் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். தெருவே கூடி ஆடியது. "பதினாலு வருஷம் கழிச்சு நம்ம ஓவிதியோ பெரிய லீக்குக்கு ஏறிட்டான்டி, நீ என்ன எழவு வீட்டுக்காரி மாதிரி நிக்கிற?" என்று ஒருத்தி என் இடுப்பைக் கிள்ளுகிறாள். உன் சட்டைக்குள் யாருடைய இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தேன், அப்பா மாதிரி.

தெல்வின் வந்தான். இரவல் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். அப்பா கேட்டார், "ஏன்டா பாதியில வந்துட்ட?" அவன், "முட்டி வலி, மாமா" என்றான். சொல்லிவிட்டு அதே காலால் வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஒரே உதையில் கிளம்பியது. பிறகு அவன் அம்மாதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள். வேலைநிறுத்தக்காரர்கள் இடத்தில் ஆட முடியாது என்று அவன் சொன்னதால் அனுப்பிவிட்டார்களாம். உன்னைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லையாம்.

அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தெருவில் எல்லோர் வாயையும் அடைத்திருக்கிறேன். அவர் ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றி அரிசிப் பானையில் ஒளித்திருக்கிறேன். கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்தது, கடையில் சரக்கு வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறேன். உன் கடிதத்தில் மழையையும் அரிசியையும் மட்டும் வாசித்தேன். "புதுக் கையுறை"யை விழுங்கிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று அருவருப்பாக இருக்கிறது.

நெரெய்தா


ஃப்ளோரிடா
30 மார்ச் 1995

அக்கா,

ஆசி வேண்டும், இனிமேலும் கேட்கலாம் என்றால். உடம்பு சுகம்.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு துப்புவாய். இங்கே நடந்ததைக் கேள். என்னையும் தெல்வினையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். "ஆடுறியா, இல்ல ஊருக்கு டிக்கெட் தரட்டுமா? உங்க ஊர்ல கரும்பு வெட்ட ஆள் வேணுமாமே" என்றார்கள். தெல்வினுக்கு இருபத்து நாலு வயது, முடியாது என்று சொல்ல அவனுக்குக் கட்டுப்படியாகும். எனக்கு முப்பத்து மூன்று. வேறு எந்த வேலை தெரியும் எனக்கு? மிரட்டி ஆட வைத்தார்கள். அவ்வளவுதான்.

பதினாலு வருஷம் நான் யார்? உப்புக்குச் சப்பாணி. எவனுக்காவது வயிற்றுவலி என்றால் ஷார்ட்ஸ்டாப், எவனாவது கல்யாணத்துக்குப் போனால் மூன்றாம் பேஸ். எந்த இடம் காலியோ அங்கே நின்றேன். எனக்கென்று ஒரு இடத்தை ஒருவனும் தரவில்லை.

நான் மட்டும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. நேற்று லாரிக்காரன் பந்தை எறிந்தான், அது பார்வையாளர் பக்கம் போய் பாப்கார்ன் விற்கிறவன் தட்டில் விழுந்தது. சனங்கள் காசு கொடுத்து வந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சாப்பிடும்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்து மென்றுவிட்டு எழுந்துபோகிறோம்.

அப்பாவிடம் சொல்லாதே.

ஓவிதியோ


டென்னஸி
6 ஏப்ரல் 1995

அக்கா,

உன் பதில் வரவில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது. சனிக்கிழமை நகரத்துப் பெரிய மைதானத்தில் எங்களை ஆட வைத்தார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் நின்றேன். பாதி இருக்கைகள் காலி. ஒரு நல்ல பந்தைத் தாவிப் பிடித்தேன், இரண்டு பேர் கை தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைநிறுத்தம் முடிந்தது என்று சொல்லி உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். சட்டை, தொப்பி, பெல்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு காலுறையை மட்டும் நீயே வைத்துக்கொள் என்றார்கள். நாங்கள் போட்டதைப் பெரிய ஆட்டக்காரர்கள் காலில் மாட்ட மாட்டார்களாம்.

நாங்கள் வெளியே வரும்போது அவர்கள் உள்ளே வந்தார்கள். அதில் நம் ஊர்க்காரன் ஒருவன். யார் என்று எழுதவில்லை, உனக்குத் தெரியும். நான் கை நீட்டினேன். அவன் தன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனான். நான் அவனைத் தொடவே இல்லை.

இப்போது மறுபடியும் பஸ் ஓடுகிற கீழ் லீக்கில் இருக்கிறேன். இங்கே மறுத்தவர்களும் இருக்கிறார்கள். என் பெட்டியை யாரோ கழிப்பறை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நானும் அதை நகர்த்தவில்லை.

சீசன் முடிந்ததும் அக்டோபரில் வருகிறேன். எதுவானாலும் எழுது.

ஓவிதியோ


சான் பெத்ரோ
18 ஏப்ரல் 1995

தம்பி,

உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன. புனித வாரம் கழிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, அதற்குக் காரணம் நான் காய்ச்சிய இனிப்பு பீன்ஸ் கஞ்சிதான். ஒரு கிண்ணம் என்று மூன்று குடித்துவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

ஈஸ்டர் அன்று மாலை வாசலில் டோமினோ மேசை போட்டிருந்தோம். அப்பா காய்களின் புள்ளியை விரலால் தடவித்தான் ஆடுகிறார். தெல்வின் ஒரு பக்கம், அடுத்த வீட்டுக்காரர் ஒரு பக்கம். அப்பாவுக்கு ஜோடி சேருகிற ஆள் இன்னும் வரவில்லை. அப்போது எதிர்வீட்டு சிரிலோ இஸ்திரி போட்ட சட்டையோடு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். ஓவிதியோ, அவர் அந்தத் தெருவைக் கடந்து நான் பார்த்ததே இல்லை. வந்து அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பா, "யாரது?" என்றார்.

"நான்தான் சிரிலோ. மனுசன் ஒட்டுக் கேட்டே கெழவனாயிட்டேன், சிந்தோ. ஒன் மகனும் உள்ள போயிட்டான்ல, ரேடியோவுல சொன்னான். இனிமே ஒனக்கும் எனக்கும் என்ன? காயைக் கலக்கு."

அப்பா எழுந்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை மேசையில் விரித்துக் காய்களைக் கலக்க ஆரம்பித்தார். நெடுநேரம் கலக்கினார். பிறகு எல்லோருக்கும் போல சிரிலோவுக்கும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நேற்றும் அதே நேரத்துக்கு நாற்காலியோடு வந்தார். அப்பா என்னிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டரி எங்கே என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

நெரெய்தா


சான் பெத்ரோ
30 ஏப்ரல் 1995

(மாமா சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். தெல்வின்.)

மகனே,

நீ கேட்டாலும் கேக்காட்டியும் என் ஆசி ஒனக்கு உண்டு. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. ஒடம்பைப் பாத்துக்க. முழங்கையில சூடு வச்சுக்க.

ஒன் அக்கா நல்லா வாசிக்கிறா, ஆனா பாதியை முழுங்கிடுறா. கடுதாசி மூணு பக்கம்னு கை தடவிப் பாத்தாலே தெரியுது, அவ ஒரு பக்கம்தான் வாசிக்கிறா. அதனாலதான் இவனை வச்சு எழுதுறேன்.

தெனம் சாயங்காலம் சிரிலோ என் எதிர்ல உக்காந்திருக்கான். இத்தன வருஷம் சத்தம் கேட்டவனுக்கு ஒரு காய் ஒழுங்கா வைக்கத் தெரியல. என் ஜோடிங்கறதால அவன் தோத்தா நானும் தோக்குறேன். எந்திரிச்சுப் போடான்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. சொன்னா, ஒன் மகன் மட்டும் என்னன்னு கேப்பான்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ஒன்னைக் கழுத்துல கை வச்சுத் தள்ளுனாங்களா, இல்ல நீயாப் போனியா? தள்ளுனாங்கன்னா எழுது. அது வேற விசயம். நான் இந்த மேசையில வச்சு நாலு பேருக்குச் சொல்லிக்கிறேன். இந்தத் தெல்வினும் அந்த அறையில இருந்தவன்தானே, கேட்டேன். "ஞாபகம் இல்ல, மாமா"ங்கறான். இருவத்து நாலு வயசுல ஞாபகம் இல்லையாம். இதையும் எழுதுடான்னேன், எழுதுறான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன் அப்பன்,
சிந்தோ


டென்னஸி
19 மே 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசி வேண்டுகிறேன், அப்பா. இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் தாமதம். சுகமாக இருக்கிறேன்.

அக்கா, இதை அப்படியே வாசி. எதையும் விடாதே.

மிரட்டினார்கள் என்று அக்காவுக்கு எழுதியது பொய். கதவு திறந்துதான் இருந்தது. மேனேஜர் முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "ஷார்ட்ஸ்டாப் காலியா இருக்கு, நிக்கிறியா?" அவ்வளவுதான் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றேன். என் கழுத்தில் ஒரு கையும் இல்லை. அதற்கு அவர்களுக்கு அவசியமே வரவில்லை.

பிறகு தெல்வினைக் கேட்டார்கள். அவன் முடியாது என்றான். அப்போதுதான் டிக்கெட், கரும்பு எல்லாம் வந்தது. அதை அவர் இங்கிலீஷில் சொன்னார். தெல்வினுக்குப் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தான். அந்த மிரட்டலை நம் பாஷையில் அவனுக்குச் சொன்னது நான்தான். "உங்க ஊர்ல கரும்பு வெட்ட ஆள் வேணுமாமே" என்பது என் வாயால் வந்தது. அவன் என்னிடமே "முடியாது" என்றான். அதையும் நானே அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னேன்.

எனக்கு என் வாயே நாறுகிறது, அப்பா.

உங்கள் மகன்,
ஓவிதியோ


சான் பெத்ரோ
12 ஜூன் 1995

ஓவிதியோ,

அப்பா சுகம், சர்க்கரை இறங்கியிருக்கிறது. மழை ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அப்பா கேட்டுவிட்டு, "மிச்சத்தை வாசி" என்றார்.

"மிச்சம் இல்லப்பா. இவ்வளவுதான்."

"நீ எப்பவும் பாதியை முழுங்குறவதானே. அவனை மிரட்டுன எடத்தை வாசி."

சத்தியம் செய்தேன், நம்பவில்லை. தெல்வினைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவன் தன்னைப் பற்றி இருந்ததையும் தடுமாறாமல் வாசித்தான். "நீயும் இவளோட சேந்துக்கிட்டியா?" என்றார் அப்பா. தெல்வின் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு அப்பா தட்டைத் தொடவில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நான் உன் கடிதத்தை எடுத்து விரித்துக்கொண்டு, மிச்சத்தை வாசித்தேன். மூன்று பேர் கதவை மறித்தார்கள், ஒருவன் உன் கழுத்தில் கை வைத்தான், இன்னொருவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டான், நீ அழுதாய் என்று வாசித்தேன். கொஞ்சமும் திக்கவில்லை. எனக்கு இது இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை மேசையில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். கழுத்தில் கை வைத்ததைத் தன் கழுத்தைப் பிடித்தே காட்டினார். தெல்வின் தன் காயையே பார்த்துக்கொண்டிருந்தான். முறை வந்ததும் ஒன்றை எடுத்து வைத்தான். அப்பா எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, "அதனால அவன் வேற, நீ வேற, சிரிலோ. எந்திரி" என்றார்.

சிரிலோ தன் கையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார்.

"என் கழுத்துல யாரு கை வச்சான்னு நீ ஒரு நாளும் கேக்கலியே, சிந்தோ" என்றார்.

சிரிலோ எழுந்து போய்விட்டார். அவருக்கு நாற்பத்தாறில் என்ன நடந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் உள்ளே போய் முகம் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன்.

இனி அந்தப் பொய்யை என்னால் திருப்பி எடுக்க முடியாது. எடுத்தால் அவர் சாப்பிட மாட்டார். அக்டோபரில் நீ வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கியவன் உயரமா குட்டையா என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். உயரம் என்று சொல்லியிருக்கிறேன்.

நெரெய்தா